பகல்ல லைட்டு எரியுதுலே!

ஏலே பேரப்புள்ள, ஞாயித்துக்கிழம விடியக்காலம் ஒரு கூட்டம் வண்டியில போச்சே, பாத்தியா? முட்டியில கவசம், முழங்கையில கவசம், நெஞ்சுல கேமரா. பாளையங்கோட்டையில இருந்து குத்தாலம் போயி ஒரு காப்பி குடிக்கணுமாம். குண்டூசி வாங்கப் பட்டாளத்தக் கூட்டிட்டுப் போன கணக்கா இருக்கு. எதுக்க வார இன்னொரு கவசக்காரனப் பாத்து ரெண்டு வெரலக் கீழ நீட்டுதான். என்னலேன்னு கேட்டா, 'ரைடருக்கு ரைடரு வணக்கம் தாத்தா, சகோதரத்துவம்'ங்கான்.

சரிடே. திங்கக்கிழம வண்ணார்பேட்டை சிக்னல்ல அதே பய ஸ்கூட்டர்ல நிக்கான். காதுல ஒயரு. பக்கத்துல நிக்க மனுசன் மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்கானா? சகோதரத்துவத்துக்கு ஞாயித்துக்கிழம மட்டுந்தான் டூட்டியோ?

நாங்க இதுக்கெல்லாம் சங்கம் வைக்கல. 'எண்ணே, ஸ்டாண்டு!' அம்புட்டுதான். முன்னால போறவன் குதிகாலால தட்டிவிட்டுட்டுத் தலைய ஆட்டிட்டுப் போவான். 'எக்கா, முந்தான சக்கரத்துகிட்ட தொங்குது!' அவ அள்ளிச் சொருகிக்கிடுவா. பட்டப்பகல்ல லைட்டு எரிஞ்சா அஞ்சு வெரலையும் குவிச்சு விரிச்சுக் காட்டுவோம். நான் இன்னிக்கும் காட்டுதேன். 2017 ஏப்ரல்ல இருந்து புது வண்டியில லைட்டு எப்பவும் எரியணும்னு சட்டம், அணைக்க சுவிட்சே கெடையாதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீ சிரிக்கியான்னு பாக்கத்தாம்லே காட்டுதேன்!

இப்ப ஸ்டாண்டு எடுக்கலன்னா பல வண்டியில இஞ்சினே ஓடாது. வண்டிக்குப் புத்தி வந்துட்டு. நல்லதுதான், எத்தன பேரு வளைவுல விழுந்து மண்டைய ஒடச்சிருக்கான். ஆனா இனிமே நீ எவன்கிட்டடே வாயத் தொறப்ப?

பழைய பஜாஜ் சேத்தக் தெரியுமா ஒனக்கு? காலையில மக்கர் பண்ணிச்சின்னா ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிக்கணும். பொறவு நிமித்தி ஒதைக்கணும். சாய்க்க ஒராளு, ஒதைக்க ஒராளு. கூப்பிடவே வேண்டாம், வந்து நிப்பான். வண்டி ஸ்டார்ட் ஆவறதுக்குள்ள நீ எந்த ஊரு, யாரு மவன், தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்தாச்சா, எல்லாத்தையும் கேட்டு முடிச்சிருப்பான். ரெண்டு மாசத்துல ஒரு சாதகத்தோட வீட்டுக்கே வந்தவனும் உண்டு. இப்ப பொத்தான அமுக்குத, கிர்ருங்குது, போயிருத. ஒனக்கு மாட்ரிமோனிக்குக் காசு கட்டுறது யாரு? ஒங்கப்பன்.

அந்தக் கவசக்காரனும் ஒருநா ஈரடுக்குப் பாலத்து ஏத்தத்துல பெட்ரோல் தீந்து நிப்பான். ரெண்டு வெரலு நீட்டின ஒருத்தனும் அங்கன வரமாட்டான். முன்னயும் பின்னயும் வாழத்தாரு கட்டின எக்செல்காரன்தான் வருவான். ஒண்ணும் கேக்கமாட்டான். ஒரு கால நீட்டிக் கவசக்காரன் ஃபுட்ரெஸ்ட்ல வச்சு, பங்கு வரைக்கும் தள்ளிட்டே வருவான். நன்றி சொல்லக் கவசக்காரன் கேமராவத் திருப்புனானோ, 'அத வித்துட்டு டேங்க ரொப்புடே'ம்பான்.