பள்ளமும் பாதுகாப்பும்

சாலை வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் தனிக் கையேடே போட்டிருக்கிறது, எஸ்.பி.55, 2014-ல் திருத்தியது. முதலில் எச்சரிக்கைப் பகுதி, பிறகு வண்டிகளை ஒதுக்கும் பகுதி, அடுத்து வேலைப் பகுதி, கடைசியில் பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி. நம்மூரில் நான்கையும் ஒரே பள்ளத்துக்குள் அடக்கிவிட்டார்கள். என்ன சிக்கனம்!

மெட்ரோ வேலை நடக்கும் சென்னைச் சாலைகளில் ‘மெதுவாகச் செல்லவும்’ பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் குளிர்கிறது. ஊர்ந்துகொண்டிருப்பவனிடமும் எவ்வளவு பணிவான வேண்டுகோள்! மாற்றுப்பாதை அம்பு ஒரு தெருவைக் காட்டும். அங்கே பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் வைத்த அம்பு, நம்மைப் பத்திரமாக மெட்ரோவிடமே திருப்பி அனுப்பும். விருந்தாளியை யாருமே கைவிடுவதில்லை.

சந்துப் பள்ளங்களுக்குத் தடுப்பெல்லாம் எதற்கு? ஒரு பூவரசங்கிளை, நுனியில் சிவப்புத் துணி. இரவில் அது தெரியவில்லை என்பது சிலர் குறை. பள்ளமும்தான் தெரிவதில்லை, பாரபட்சம் கிடையாது.

எங்கள் தெருக் கிளை மழைக்குத் துளிர்த்துவிட்டது. பள்ளத்தை மூடச் சொல்லிப் போனோம். மரத்தை அகற்றப் பசுமைக் குழுவின் அனுமதி வாங்கி வரச் சொன்னார்கள்.