ஐந்து மடங்கு ஆசை

கேள்வி: 'அப்ஸ்கேலிங்' டிவிடி பிளேயர் வாங்கினால் பழைய படங்கள் எச்.டி. டிவியில் ப்ளூ-ரே போலத் தெரியுமாமே?

பதில்: கொஞ்சம் பளிச்சென்று தெரியலாம். ப்ளூ-ரே ஆகிவிடாது.

'பால்' (PAL) எனும் வீடியோ முறை டிவிடியில் ஒரு ஃப்ரேமுக்கு 720-க்கு 576 புள்ளிகள்தான். ஃபுல் எச்.டி. திரையிலோ 1920-க்கு 1080. சரியாக ஐந்து மடங்கு. ஒரு கரண்டி மாவை ஐந்து தோசைக்கு இழுக்கும் வேலை இது! பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தையும் ஒளியையும் பார்த்து, நடுவில் வரவேண்டியவற்றைப் பிளேயர் கணக்குப் போட்டு நிரப்புகிறது; இதுதான் அப்ஸ்கேலிங். கதாநாயகியின் மூக்குத்திக் கல் வட்டில் பதிவாகவே இல்லை என்றால், எந்தச் சிப்பும் அதை மீட்டுத் தராது.

அந்த நிரப்பும் வேலையை எச்.டி. டிவியே செய்கிறது. இல்லாவிட்டால் டிவிடி படம் திரை நடுவே சின்னக் கட்டமாக நிற்கும். ஆக, இரண்டு சிப்களில் எது கெட்டிக்காரச் சிப் என்பதுதான் போட்டி. நல்ல டிவி வைத்திருப்பவருக்குப் பிளேயரின் தயவு தேவையில்லை.

ப்ளூ-ரேக்குப் போட்டியாக இருந்த எச்.டி. டிவிடி வடிவத்தை 2008 பிப்ரவரியில் கைவிட்ட தோஷிபா, அதே ஆண்டில் 'எக்ஸ்.டி.இ.' என்ற நுட்பம் கொண்ட அப்ஸ்கேலிங் பிளேயரைக் கொண்டுவந்தது. விளிம்புகளும் நிறங்களும் துலங்கின. ப்ளூ-ரேயை அது எட்டவில்லை.

உண்மையான முன்னேற்றம் கேபிளில் இருக்கிறது. மஞ்சள் முனை கேபிள் நிறத்தையும் ஒளியையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவதால் படம் கலங்கும். அதில் ஓடும் பிளேயரை மாற்றி, எச்.டி.எம்.ஐ. உள்ளதை வாங்குங்கள். ஏற்கெனவே எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா? பணத்தை ப்ளூ-ரே பிளேயருக்குச் சேர்த்து வையுங்கள். அது டிவிடியையும் ஓட்டும்.