படம் உங்களுக்கு, அட்டை கடலுக்கு!

கேள்வி: எங்கள் ஊர்ப் பூச்சந்தையைப் படமெடுத்துச் சலித்துவிட்டது. மணமேல்குடிப் பக்கம் போய்க் கடல் அட்டையைப் படமெடுத்தால் வழக்குப் பாயுமா?
– ஒரு வாசகர், கீரமங்கலம்

பதில்: படம் எடுத்தால் பாயாது, அட்டையை எடுத்தால் பாயும்! 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் செல்லப்பிள்ளை. ஆனால், வண்ணப் படம் வேண்டுமென்றால் தேட வேண்டியது அட்டையை அல்ல, ஓட்டைத் துறந்த கடல் நத்தையை. சிலவற்றின் முதுகில் செவுள் பூப்போல விரிந்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்போதே ‘க்ளிக்’குங்கள், கையில் தூக்கினால் அந்தப் பூ, மாலைச் சந்தையில் மிஞ்சிய மல்லிகையாகத் துவண்டுவிடும். அதன் உறவான கடல் முயலைச் சீண்டாதீர்கள். ஊதா மை கக்கும். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். புரட்டிய கல்லைப் பழையபடி வைத்துவிட்டு வாருங்கள். அது யாரோ ஒருவரின் வீட்டுக்கூரை.