கொத்தமல்லிக்கு ஒரு கூண்டு

பெண்ணாடத்தில் தோட்டம் வைத்திருப்பவனுக்குக் காலண்டரில் உருப்படியாகக் கிடைப்பது தையும் மாசியும்தான். பங்குனி பிறந்ததும் வெயில் தன் வேலையைக் காட்ட ஆரம்பிக்கும். சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை அக்னி நட்சத்திரம். அப்போது தோட்டத்தில் தலை நிமிர்ந்து நிற்பது தண்ணீர்க் குழாய் மட்டுமே. ஆடி, ஆவணியில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால், நாம் விதைத்த கீரை அடுத்த மனையில் முளைக்கும்.

இதில் அதிகம் அவதிப்படுவது கொத்தமல்லி. வெயில் ஏறினால் இலை விடுவதை நிறுத்திவிட்டு அவசரமாகப் பூத்துவிடும். பூத்த மல்லியை ரசத்தில் போட முடியாது. ஒரு காலத்தில் காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுத்த சாமான் இது. இப்போது சித்திரையில் ஒரு கட்டு விலையைக் கேட்டால் ரசத்தையே ஒத்திப்போடத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் மருமகன் ஒரு வீடியோ அனுப்பினார். மெய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்று ஒரு விவசாயி, பாத்திக்கு மேல் வில் வில்லாகக் குழாயை வளைத்து நட்டு, அதன் மேல் துணியும் பாலித்தீனும் போர்த்தி, பனிக்காலத்திலும் கீரை பறிக்கிறாராம். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே பச்சைப் பசேல் என்று கீரை. நமக்கு மார்கழிப் பனி என் வழுக்கையில் விழுவதோடு சரி. ஆனால் எதிரி வெளியே, கீரை உள்ளே என்ற கொள்கை எந்த ஊருக்கும் பொருந்தும். பாலித்தீனுக்குப் பதில் பச்சை நிழல்வலையைப் போட்டால் மெய்ன் பெண்ணாடத்துக்கு வந்துவிடும் என்று முடிவு கட்டினேன்.

முதலில் மூங்கில். நம் ஊர்க் கூண்டு வண்டிகளுக்கெல்லாம் மேலே வளைந்து நின்றது மூங்கில் பிளாச்சுதான். பச்சை மூங்கிலைப் பிளந்து, கணுவைச் சீவி, தண்ணீரில் ஊறப்போட்டு, லேசாக அனலில் காட்டி வளைத்தால் சொன்ன பேச்சு கேட்கும். வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். கொல்லையில் இடம் போதாததால் வாசலில் உட்கார்ந்து பிளந்தார். நாலு பிளாச்சை வளைத்துக் கட்டி, அளவு சரியா என்று பார்க்க மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தினோம்.

தெருவோடு போன பாட்டி ஒருத்தி அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னாப்பா இது… நேத்துகூட வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்துச்சே! நல்லாத்தானே இருந்துச்சு மகராசி!”

கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த நொடி ஒப்பாரி கிளம்பியிருக்கும். அதற்குள் அந்த மகராசியே, அதாவது என் மனைவி, உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். பாட்டி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

“அப்ப யாருக்கு?”

“கொத்தமல்லிக்கு” என்றேன்.

மதில் மேல் அடுத்த வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரடியாகக் கேட்கமாட்டார். “ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சா சார்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பாத்திக்கு மேல் குகை மாதிரி ஒரு கூண்டு என்று விளக்கியதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “குகைன்னா உள்ள ரயில் போவணும் சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். விழுப்புரம் - திருச்சி கார்டு லைனிலேயே காலம் தள்ளியவர்; அந்தத் தடத்தில் குகையே கிடையாது.

அன்று மாலையே மூங்கில் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. “ஏங்க, அந்தக் கட்டைய மொதல்ல அப்புறப்படுத்துங்க” என்றாள் மனைவி. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரியை முன்கூட்டியே கேட்கப் பிடிக்காதுதான்.

ஆகவே பிளாஸ்டிக் பைப். இங்கேதான் முப்பது வருஷத்துக்கு மேல் நான் சுமந்த கணக்கு வாத்தியார் உத்தியோகம் கைகொடுத்தது. பாத்தியின் அகலம் மூன்றடி. அரைவட்டமாக வளைத்தால் நீளம் என்ன? மூன்றை 22-ஆல் பெருக்கி, ஏழால் வகுத்து, பாதியாக்கினால் நாலடி எட்டரை அங்குலம். அரை அங்குலப் பைப் இருபதடி நீளத்தில் வருகிறது. அதை மூன்றாக வெட்டினால் துண்டு ஒன்றுக்கு ஆறடி எட்டு அங்குலம். வளைவு போக, இரண்டு பக்கமும் காலுக்கு ஓரடிக்குக் கால் அங்குலம்தான் குறைவு. பைப் கம்பெனிக்காரனும் ஆர்க்கிமிடீசும் பேசி வைத்துக்கொண்டு செய்தது போலப் பொருந்தியது.

பைப் கடையில் இருந்தவன் என் பழைய மாணவன். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்தான்.

“சார், பை எதுக்கு சார் படிக்கணும்னு பத்தாவதுல கேட்டேன். பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சீங்க.”

“இதுக்குத்தாம்ப்பா.”

இரண்டு பைப், ஆறு வளைவு. மூன்றடிக்கு ஒன்று நட்டால் எத்தனை அடி நீளத்துக்கு வரும் என்று அவனைக் கேட்டேன். “பதினெட்டு” என்றான். ஆறு வளைவுக்கு நடுவே ஐந்து இடைவெளிதான், பதினைந்தடி. பத்தாவதில் செய்த அதே தப்பை இன்றைக்கும் செய்தான். கடைக்குள் பெஞ்சு இல்லாததால் தப்பித்தான்.

பைப்பை நேராக மண்ணில் குத்தினால் நிற்காது. வீடு கட்டுகிற இடத்தில் மிஞ்சும் எட்டு எம்எம் கம்பித் துண்டுகளைப் பாதி வெளியே நிற்கும்படி அடித்து, அதன் மேல் பைப்பின் வாயைச் சொருக வேண்டும். உச்சியில் எல்லா வளைவுகளையும் சேர்த்து நீளமாக ஒரு கயிறு கட்டிவிட்டால் காற்றுக்கு ஆடாது. வெயில் பட்டுப் பட்டு வெள்ளைப் பைப் சில வருஷத்தில் நொறுங்கும். கறுப்பு ஓஸ் இன்னும் நாள் தாங்கும். சுருளாகவே வருவதால் வளைக்கவும் வேண்டியதில்லை. கொஞ்சம் தொய்யும், அவ்வளவுதான்.

வலை போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிரளயகாலேஸ்வரர் கோயில் விமானத்தைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும். யானை படுத்துத் தூங்குவது போன்ற அமைப்பு. தூங்கானை மாடம் என்று பெயர். அப்பர் தம் தோளில் சூலமும் இடபமும் பொறிக்கச் சொல்லிக் கேட்டுப் பெற்ற தலம். என் கொல்லையில் கிடந்தது அதில் ஒரு குட்டி யானை, பச்சை நிறம்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் வந்ததல்ல. ரோமாபுரிச் சக்கரவர்த்தி டைபீரியசுக்குத் தினமும் வெள்ளரி வேண்டுமாம். சக்கரம் வைத்த பாத்தியில் பயிர் செய்து வெயிலுக்குத் தள்ளிப் போவார்கள். குளிர் வந்தால் ஒளி ஊடுருவும் கல் தகட்டால் மூடுவார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். 1948-இல் கென்டக்கியில் எம்மர்ட் என்ற பேராசிரியர், கண்ணாடி விலை கட்டுப்படியாகாமல் செலோஃபேன் தாளைப் போர்த்திச் செடி வளர்த்தார். இன்று ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் மார்கழிக் குளிரில் இதே கூண்டுக்குள் பூசணி, தர்பூசணி வகையறாவை விதைத்து, ஒரு மாதம் முந்தியே சந்தைக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு சக்கரவர்த்திக்கு வெள்ளரி என்றால் எனக்கு மல்லி.

மல்லி விதை என்று நாம் சொல்லும் உருண்டைக்குள் இரண்டு விதை உண்டு. பலகையில் கொட்டிச் செருப்புக் காலால் பக்குவமாகத் தேய்த்தால் இரண்டாக உடையும். பலத்தைக் காட்டினால் அது சாம்பார்ப் பொடி. ஊறவைத்துத் தூவினேன். வலைக்குள் மண் ஈரமாக, கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. முளைத்தும் விட்டது.

அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் பெண்ணாடத்திலேயே குளிர்ச்சியான இடம் எது என்பதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தது எங்கள் தெரு நாய். கூண்டின் ஓரத்தைத் தூக்கினேன். நட்ட நடுவில் மல்லி மெத்தையில் நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஒரே ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. “தூங்கானை இல்ல சார், தூங்குநாய் மாடம்” என்றது மதில் மேல் தலை. வலை ஓரத்தில் செங்கல் அடுக்கிய பிறகுதான் மல்லி எழுந்தது. எழுந்த மல்லியில் வைகாசியில் ரசம் வைத்தோம். அதில் நாயின் வாசம் எதுவும் இல்லை என்று நானும், இருக்கிறது என்று வீட்டிலும் இன்றுவரை அபிப்பிராய பேதம் உண்டு.

ஐப்பசியில் வலையை எடுத்துவிட்டுக் கண்ணாடி மாதிரியான பாலித்தீனைப் போட்டேன். எங்கள் ஊரில் பிரளய வெள்ளத்தைத் தடுக்க நந்தியே வாசல் பக்கம் திரும்பிக்கொண்டதாகக் கதை. என் பாத்திக்கு அந்தச் செல்வாக்கு கிடையாது. தக்காளி, கத்தரி நாற்றின் மேல் மழைத் துளி தெறித்து மண் சொதசொதத்தால் நாற்றழுகல் வந்து அடித்தண்டிலேயே சாயும். கூரை இருந்ததால் நின்றது. மழை விட்டு வெயில் அடித்த நாளில் மட்டும் இரண்டு பக்கமும் சுருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் நாற்று வெந்து பொரியலாகிவிடும்.

அந்த வெப்பத்தை என் மனைவி கவனித்திருக்கிறாள். பங்குனியில் ஒரு நாள் மல்லி விதைக்கப் போனால், கூண்டின் மேல், மழை விட்டபின் நான் மாட்டிய வலைக்குப் பதில் மறுபடி பாலித்தீன். உள்ளே பழைய புடவையை விரித்து வரிசை வரிசையாக வத்தல், வடகம், மோர்மிளகாய். ஈரக் காற்று வெளியேற இரண்டு முனையையும் திறந்து, காக்காய் நுழையாமல் வலையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். காய்ந்த வடகம் கையில் எடுத்தால் கலகலவென்றது.

“தூசி இல்ல, காக்கா இல்ல, மொட்ட மாடிக்கு ஏற வேணாம்” என்றாள். “இன்னும் ஆறு வளைவு போட்டுக் குடுங்க. நாய் நொழையாத மாதிரி.”

“அப்ப மல்லி?”

“அது கடையில கெடைக்குமே.”

பைப் கடைக்காரனிடம் மறுபடி போய் நின்றேன். “பதினைஞ்சு அடி சார்” என்றான், நான் வாயைத் திறப்பதற்குள்.