பொம்மையின் சிகாசிகிச்சை

1959ஆம் வருஷம் மார்ச் மாதம் நியூயார்க் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் மூன்று டாலர் விலைக்குப் பிரவேசமான பார்பி என்னும் நங்கைக்கு, அறுபது பிராயம் கடந்தும் முகத்தில் சுருக்கமே விழாதது அமெரிக்க மாதர்களுக்குப் பொறாமையளிக்கலாம். ஆயினும் கேசம் உதிர்வதையும், தோட்டின் செம்பு களிம்பேறிக் காது பச்சையாவதையும் அந்த வினைல் தேகத்தாலும் தடுக்க இயலவில்லை.

இதற்கென்றே அங்கே ஒரு வைத்திய கோஷ்டி உண்டு. தலையை வெந்நீரில் இளக்கி, மெள்ளக் கழற்றி, எஞ்சிய மயிரை ஒட்ட நறுக்கி, கழுத்துத் துவாரத்தின் வழியே இடுக்கியை விட்டு உள்ளிருக்கும் வேர்களைப் பிடுங்கி, பிறகு சரான் என்னும் செயற்கை இழையைக் கற்றை கற்றையாக, பழைய துளை ஒன்றேனும் விடுபடாமல் குத்திக் குத்தி நட்டு, உட்புறம் பசை தடவி முடிப்பதற்குள், நடுகிறவரின் சொந்தச் சிரசில் எத்தனை நஷ்டமென்று எவரும் கணக்கெடுப்பதில்லை. காதற்ற ஊசியைக் கண்டு பட்டினத்தார் துறவு பூண்டார் என்பார்கள். இவர்களோ காதின் நுனியை வெட்டிய ஊசியைக் கையிலெடுத்த பிறகே சம்சார சாகரத்தில் முழுகுகிறார்கள். இத்தனைக்கும் பொறுமையில்லாதவர்கள் சிலிக்கோன் அச்செடுத்து, ரெசின் வார்த்து, தலையையே புதிதாகப் படைத்துவிடுகிறார்கள்; பிரம்மாவுக்கு இந்தச் சௌகரியம் கிட்டவில்லை.

ஆனால் சேகரிப்போர் சந்தையில், அசல் முடி நாலு இழை பாக்கியிருக்கும் பழைய தலைக்குள்ள கௌரவம், இப்படி அடர்த்தியாக நட்ட தலைக்குக் கிடையாது.