பதிவு நின்றாலும் பெயர் நிற்கட்டும்

2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' வலைப்பதிவுத் திரட்டியைத் தொடங்கினார். அதற்கு முன் தமிழில் யார் எங்கே எழுதுகிறார் என்று அறிய ஒருவர் பக்கத்திலிருந்து இன்னொருவர் பக்கத்துக்கு இணைப்பைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். திரட்டி வந்த பிறகு எல்லாரும் ஒரே முற்றத்தில் கூடினார்கள். மட்டக்களப்பு நகரத்தில் மணித்தியாலக் கணக்கில் காசு கட்டி நெற் கபேயில் இருந்த எங்களுக்கு அது பெரிய வரம். சென்னைக்காரரும் டொரொன்டோக்காரரும் எங்கள் வாவிக்கரைக்காரரும் அடுத்தடுத்த வரியில் வருவார்கள்.

அந்த வருடமே டிசம்பர் 26ஆம் திகதி கடல் நாவலடிக்குள்ளும் கல்லடிக்குள்ளும் புகுந்தது. உறவுகளைத் தேடியவர்களும் உதவி சேர்த்தவர்களும் வலைப்பதிவுகளில் எழுதினார்கள். அடுத்து 2006, 2007. வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் போரால் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்து வந்த காலம். பல பதிவுகள் அப்போதுதான் நின்றன. எழுதியவர்களில் சிலர் நாட்டை விட்டுப் போனார்கள், சிலர் பயத்தில் வாய் மூடினார்கள், சிலர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை.

இன்று எங்கள் பகுதித் தளங்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். பாதித் தளங்கள் பத்து வருடத்துக்கு மேலாகக் கைபடாதவை.

"அண்ணன், இதெல்லாம் செத்த சைட். வெட்டி விடுவமா?"

"பொறுகா தம்பி. திறந்து பாத்திட்டு மறுகா முடிவெடுப்பம்."

ஒன்றைத் திறந்தோம். யூனிகோட் பரவுவதற்கு முன் திஸ்கி எழுத்துருவில் போட்ட பக்கம். 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில எழுத்து, சதக் குறி, மறுபடியும் சாய்கோட்டு எழுத்து. பக்கம் முழுக்க இப்படித்தான். அதை அப்படியே எடுத்து, சுரதா யாழ்வாணன் ஆக்கித் தந்த 'பொங்குதமிழ்' மாற்றியில் போட்டோம். தமிழ் வந்தது. ஒரு கிராமத்தில் ஆடிய வடமோடிக் கூத்தைப் பற்றிய குறிப்பு. சட்டம் கொடுத்தது எப்போது, சதங்கை அணிந்தது எங்கே, எந்தக் கோயில் முன்றலில் களரி கட்டினார்கள், அண்ணாவியார் யார், எந்த வேடம் யாருக்கு என்று வரிசையாக இருந்தது. அந்த ஊர்க் கூத்தைப் பற்றி நாங்கள் தேடிய புத்தகம் எதிலும் இந்த விபரம் இல்லை. தம்பி அதை வெட்டவில்லை.

பட்டியல் போடுகிறவர்களின் சங்கடம் எனக்கு விளங்காமல் இல்லை. 1998இல் தொடங்கிய டிமோஸ் என்ற இணையத்தள விபரக்கொத்தைத் தொண்டர்கள்தான் பராமரித்தார்கள். செத்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க ரோபோசில்லா என்றொரு நிரல் இருந்தது. அது குறித்துக் கொடுக்கும், மனிதர் ஒருவர் பார்த்து முடிவெடுப்பார். அந்த ஒழுங்கு சரியானது. ஆனால் இணையம் வளர்ந்த வேகத்துக்கு ஆள் போதவில்லை. 2014 கடைசியில் யாகூ விபரக்கொத்து மூடியது, 2017 மார்ச்சில் டிமோஸும் மூடியது. தமிழ்மணத்தின் காலமும் முடிந்தது. தளங்களை நீக்குவதா வைப்பதா என்று யோசித்த பட்டியல்களே இன்று இல்லை.

நீக்க வேண்டியவையும் உண்டு. கவனிப்பாரற்ற முகவரியைச் சூதாட்டக்காரர் வாங்கிக்கொண்டால் அந்த இணைப்பை உடனே எடுக்கத்தான் வேண்டும். அப்போதும் தளத்தின் பெயரையும் அதில் என்ன இருந்தது என்ற ஒரு வரியையும் விட்டுவைக்கலாம். வெறுமனே பழசாகிவிட்டது என்பதற்காக நீக்குவது வேறு. கல்லடியில் 2013இல் புதுப்பாலம் திறந்தார்கள். போக்குவரத்து அதற்கு மாறியது. பழைய லேடி மானிங் பாலத்தை யாரும் பெயர்த்தெறியவில்லை, பக்கத்திலேயே நிற்கிறது. இணையப் பட்டியலுக்கும் அந்த நியாயம் போதும்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்ட இனம் நாங்கள். அதனால்தான் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் பழைய இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடித் தேடி எண்ணிமப்படுத்துகிறது. அங்கே ஒரு இதழ் நின்றுபோனது என்பதற்காக அதை யாரும் ஒதுக்குவதில்லை. எங்கள் பகுதியில் ஒரு தளம் நின்றுபோனதற்கு எழுதியவரின் சோம்பலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. இடப்பெயர்வும் சாவும் அதற்குள் இருக்கின்றன. கடைசிப் பதிவின் திகதியை மட்டும் பார்த்து நீக்குகிற பட்டியல், போரில் அதிகம் இழந்த ஊர்களைத்தான் முதலில் நீக்கும்.

ஆகவே பட்டியல் வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. இயங்கும் தளங்களை முன்னால் வையுங்கள். நின்றவற்றைத் தனிப் பிரிவில் போட்டு, கடைசியாக எழுதிய ஆண்டைக் குறியுங்கள். தளமே மறைந்திருந்தால் இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் உள்ள பிரதிக்கு இணைப்புக் கொடுங்கள். 2009 அக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸ் இணையத்தளச் சேவையை மூடியபோது அதிலிருந்த பக்கங்களில் பெருந்தொகையை இணைய ஆவணக்காப்பகம் காப்பாற்றியது. மூடுவதற்கு முன்பே பிரதி எடுத்ததால்தான் அது முடிந்தது.

வாசிக்கிற நீங்களும் உங்கள் ஊரைப் பற்றிய பழைய பக்கம் ஒன்று தெரிந்தால் அதன் முகவரியை வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். காசு ஒரு சதமும் இல்லை.