கன்னிப்பேச்சுக்குப் பதினைந்து நிமிடம்

கே: எங்கள் கல்லூரியில் புதியவர்களுக்கென்று விவாதப் போட்டி வைக்கிறார்கள். தலைப்பைப் பதினைந்து நிமிடம் முன்னால்தான் சொல்வார்களாம். எந்தப் பக்கம் பேசுவது என்பதும் அவர்கள் இஷ்டமாம். இது நியாயமா?
முதலாமாண்டு மாணவி, பேச்சிப்பாறை

ப: நியாயம்தான் மக்களே. 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியிலும் இதே விதிதான். ஓர் அறையில் நான்கு அணி, அணிக்கு இருவர், ஆளுக்கு ஏழு நிமிடம். இரண்டு அணி அரசுத் தரப்பு, இரண்டு எதிர்த்தரப்பு. ஒரே தரப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். கூட்டணிக் கட்சிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது?

கே: அந்த உலகப் போட்டி நம்ம பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா?
குலசேகரம் வாசகர்

ப: 2013 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2014 ஜனவரி தொடக்கம் வரை சென்னையில் நடந்தது. வென்றது ஹார்வர்டு. மார்கழிக் கச்சேரி சீசனில் சென்னையில் யார் விவாதம் கேட்கப் போவார்கள்?

கே: பள்ளியில் மனப்பாடமாகப் பேசி அலமாரி நிறையக் கோப்பை வாங்கியவன் நான். விவாதத்தில் முதல் சுற்றிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏன்?
இரண்டாமாண்டு மாணவர், அருமனை

ப: கோப்பைகளைக் குறைசொல்ல மாட்டேன். தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் கல்லூரிப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, மூன்றாவது 2,000. தேர்வுக் கட்டணத்துக்குத் திண்டாடும் பிள்ளைக்கு அது பெரிய காசு. ஆனால் அங்கே நீங்கள் பேசும்போது யாராவது எழுந்து "அது எப்படி?" என்று கேட்டதுண்டா? விவாதத்தில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் மட்டுமே உங்களுக்குப் பாதுகாப்பு. நடுவே எதிரணிக்காரர் எழுந்து நிற்பார். இடம் கொடுத்தால் குறுக்கே ஒரு கேள்வி போடுவார். அந்தக் கேள்வி உங்கள் மனப்பாடத்தில் இருக்காது.

இன்னொன்று. பேச்சுப்போட்டியில் மூன்று பேர் பணத்தோடு போவார்கள், மிச்சம் அறுபது பேர் பேருந்துக்குப் போவார்கள். எங்கே தவறினோம் என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை. விவாதத்தில் தோற்றவரும் அடுத்த சுற்றில் பேசுகிறார். உலகப் போட்டியில் ஒன்பது சுற்று முடிகிறவரை யாரையும் வெளியே அனுப்புவதில்லை. புதியவர்களுக்கான போட்டியிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு நடுவர் எதிரே உட்கார்ந்து, யார் வாதம் எங்கே உடைந்தது என்று விளக்க வேண்டும். உங்கள் கல்லூரி அந்தப் பகுதியை "நேரமில்லை" என்று வெட்டினால், சாப்பாட்டை வெட்டியதுபோல் சண்டை பிடியுங்கள்.

கே: வீட்டில் ஒன்று சொன்னால் ஒன்பது பதில் சொல்கிறாள் என் மகள். இதில் பயிற்சி வேறயா?
மாணவியின் அப்பா, பேச்சிப்பாறை

ப: பயிற்சி முடிந்தால் ஒன்பது மூன்றாகிவிடும். அந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்காது, அவ்வளவுதான் ஆபத்து.

கே: பண்டிகைக்குப் பண்டிகை பட்டிமன்றம் பார்க்கிறோமே, அது போதாதா?
திருவட்டாறு வாசகி

ப: சிரிக்கப் போதும். மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது, பரம்பரை பெரிது. ஆனால் இன்றைய பட்டிமன்றத்தில் நடுவர்தான் கதாநாயகர். தீர்ப்பும் யார் மனமும் நோகாதபடி வரும். நிஜமான மோதல் வேண்டுமென்றால் 1943க்குப் போங்கள். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்று பிப்ரவரியில் சென்னைச் சட்டக்கல்லூரி மண்டபத்தில் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மோதினார்கள். மார்ச்சில் சேலத்தில் அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். அந்த விவாதங்கள் 'தீ பரவட்டும்' என்று புத்தகமாகவே வந்தன. அண்ணா பக்கம் சாய்பவர்கள் சேதுப்பிள்ளைக்காக வாதாடிப் பாருங்கள், மற்றவர்கள் அண்ணாவுக்காக. எனக்கு இரண்டுமே கஷ்டமாக இருந்தது.

கே: என் தமிழில் மலையாள வாடை அடிக்கிறதாம், மதுரைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
கடையாலுமூடு மாணவர்

ப: 1956 நவம்பர் 1 வரை நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அன்றைக்கு எல்லை மாறியது, நாக்கு மாறவில்லை, மாறவும் வேண்டாம். பூதப்பாண்டி ஜீவானந்தம் எந்த ஊரில் பேசினாலும் கூட்டம் கட்டுண்டு நின்றது. 1963இல் அவர் மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய அஞ்சலியின் தலைப்பே 'காற்றில் கலந்த பேரோசை'. மேடைப் பேச்சில் பேர்பெற்ற அகஸ்தீஸ்வரத்துக் குமரி அனந்தனும் நம்ம மாவட்டத்துக்காரர்தான். விவாத நடுவர் வாதத்துக்குத்தான் மதிப்பெண் போடுவார். சிரிக்கிறவர்களின் அணி உங்கள் வாதத்துக்குப் பதில் சொன்னதா என்று மட்டும் கவனியுங்கள்.

கே: கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசிப் பழகினாராமே கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ்? கோதையாற்றில் கல்லுக்குப் பஞ்சமில்லை.
ஓய்வுபெற்ற ஆசிரியர், பூதப்பாண்டி

ப: அவருக்குப் பல் மருத்துவச் செலவு எவ்வளவு ஆனது என்று அவர் வரலாற்றை எழுதிய புளூட்டார்க் எழுதிவைக்கவில்லை. கல்லை ஆற்றிலேயே விட்டுவிட்டுத் தலைப்பை எடுங்கள். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் விடுகிறோம். கீழே வயல் வீட்டுமனையாகிக்கொண்டிருக்கிறது. "நெல்வயலை மனையாக்கத் தடை வேண்டும்" என்று தலைப்பு வைத்து, வயலை விற்று மகளைக் கட்டிக்கொடுத்தவர் பக்கம் நின்று ஏழு நிமிடம் பேசச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மூன்றாம் நிமிடத்திலேயே வியர்க்கும். அது சலித்தால், மலைக் காட்டைக் காக்க வனத்துறை போதுமா, காணிப் பழங்குடி மக்களிடம் விடலாமா என்று கேளுங்கள்.

கே: கேள்வி கேட்பவருக்குப் பரிசு கொடுக்கும் மேடை உண்டா?
மார்த்தாண்டம் வாசகர்

ப: உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் கல்லூரி மாணவர்களுக்காக நடத்தும் 'மாபெரும் தமிழ்க் கனவு' நிகழ்ச்சியில் நல்ல கேள்வி கேட்கும் மாணவர்களைப் பாராட்டிச் சான்றிதழ் தருகிறார்கள். பதில் சொல்பவருக்கு என்ன தருவீர்கள் என்று எங்கள் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அவர் தயாரிப்புக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்.